உடலற்ற மேற்கோள்கள்: ஒரு தேடுபொறியை வாசித்தல்

தமிழ்த் துறைகளில் ஆய்வுக்குச் சேர்கிற மாணவர்கள் நூலகத்தின் படியை மிதிப்பதற்கு முன்பே ஒரு வெள்ளைத் திரையின் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். கூகுள் ஸ்காலர். 2004 நவம்பரில் அனுராக் ஆச்சார்யா, அலெக்ஸ் வெர்ஸ்டாக் என்ற இரண்டு பொறியாளர்கள் தொடங்கிவைத்தது. தேடும் பெட்டிக்குக் கீழே, பேருருவினரின் தோள்மீது ஏறி நிற்கச் சொல்லும் வாசகம் ஒன்று இருக்கிறது. நியூட்டன் 1676இல் ராபர்ட் ஹூக்குக்கு எழுதிய கடிதத்தால் பிரசித்தமான உருவகம் அது. ஆனால் நியூட்டனுடையது கிடையாது. 12ஆம் நூற்றாண்டில் ஷார்த்ர் நகரத்துப் பெர்னார்ட் என்ற ஆசிரியர் சொன்னதாக, சாலிஸ்பரி ஜான் என்பவர் எழுதிவைத்ததால் மட்டுமே நமக்குத் தெரியவருகிறது. ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் இந்த ஒரு வாசகம் எங்கெங்கே சுற்றித் திரிந்தது என்று துருவி 1965இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். மேற்கோள்களை எண்ணுவதைப் பிழைப்பாகக் கொண்ட இயந்திரம் தன் நெற்றியில் ஒட்டியிருக்கும் மேற்கோளுக்கு மூலம் சொல்லவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மேற்கோள் என்ற செயல் எத்தகையது, அதை எண்ணத் தொடங்கினால் எது எண்ணிக்கைக்குள் வருகிறது, எது வாசலில் நின்றுவிடுகிறது என்று கேட்க இது வசதியான இடம். அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தேடுபொறியைத் திட்டித் தீர்ப்பது என் நோக்கம் அல்ல. நான் தமிழ் எம்.ஏ. படித்தவன், பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாதவன். சங்கப் பாடல்களைப் பற்றி வெளிநாட்டு ஆய்விதழில் என்ன எழுதுகிறார்கள் என்று அறிய, அங்கே வேலை பார்க்கும் யாரையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்ற நிலையை இது உடைத்தது உண்மை. ஒரு கட்டுரையின் கீழே, அதைப் பின்னால் மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று ஒரு சுட்டி இருக்கும். அதை அழுத்தினால் வாதம் முன்னோக்கி நகர்வதைப் பார்க்கலாம். அச்சு நூலின் துணைநூற்பட்டியல் கடந்த காலத்தை மட்டும்தான் காட்டும். இந்தச் சுட்டி நூலுக்குப் பின்னால் நடந்ததைக் காட்டுகிறது. இது பெரிய வசதி.

இந்த வசதிக்கு ஒரு வம்சாவளி உண்டு. யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு யோசனையை முன்வைத்தார். பொருள் தலைப்புகளை வைத்து அறிவியல் கட்டுரைகளைத் தேடினால் தலைப்புப் போட்டவரின் மூளைக்குள்தான் சுற்றிக்கொண்டிருப்போம். யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று அடைவு செய்தால் ஒரு கருத்து பயணம் செய்கிற தடம் கிடைக்கும் என்றார். அமெரிக்க வழக்கறிஞர்கள் முன்தீர்ப்புகளைத் தேட 1873 முதல் பயன்படுத்திவந்த ஷெப்பர்ட் அடைவுதான் அவருக்கு முன்மாதிரி. 1964இல் அவருடைய அறிவியல் மேற்கோள் அடைவு வெளிவந்தது. 1998இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவர் இணையப் பக்கங்களை வரிசைப்படுத்த இதே தர்க்கத்தைக் கடன் வாங்கினார்கள்: ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பு ஒரு மேற்கோள். கூகுள் பிறந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து அது ஆய்வுலகத்துக்கே திரும்பிவந்தது. இடையில் ஒரு பொருள்மாற்றம் நிகழ்ந்துவிட்டது. தேடுவதற்காகச் செய்த கருவி அளப்பதற்கான கோலாகிவிட்டது. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஆய்வாளர் ஒருவரின் தகுதியை ஒரே எண்ணில் சொல்லும் 'எச்' குறியீட்டைத் தந்ததும் வேலை முடிந்தது.

அடிக்குறிப்பு என்பது ஒரு சமூகச் செயல். ஒருவரை ஏற்றுக்கொள்ளவும், மறுக்கவும், நெறியாளருக்குக் கும்பிடு போடவும், படிக்காமலே படித்ததாகக் காட்டவும் அடிக்குறிப்பு இடுகிறோம். இயந்திரத்துக்கு எல்லாம் ஒன்று. இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் மெர்ட்டனே 1968இல் சுட்டினார். உள்ளவனுக்கு மேலும் கொடுக்கப்படும் என்ற விவிலியக் கருத்தை வைத்து 'மத்தேயு விளைவு' என்று பெயரிட்டார். மேற்கோள் அதிகம் பெற்றது முதலில் வருகிறது. முதலில் வருவதால் மேலும் மேற்கோள் பெறுகிறது. 2018ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தத் தேடுபொறியில் சுமார் 38.9 கோடிப் பதிவுகள் இருக்கலாம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எதைத் தேடினாலும் முதல் ஆயிரத்தைத் தாண்டி அது காட்டாது. யார் ஆயிரம் வரை போகப்போகிறார்கள்? முதல் பக்கத்தின் பத்து முடிவுகள்தாம் ஒரு துறையின் எல்லையாக மாணவர்களின் மனத்தில் படிகின்றன.

இனி என்னைத் தூங்கவிடாத ஒரு சின்ன விஷயத்துக்கு வருகிறேன். முடிவுகளில் சில தலைப்புகளுக்கு முன்னால் சதுர அடைப்புக்குள் 'சைட்டேஷன்' என்று ஒரு முத்திரை இருக்கும். அழுத்த முடியாது. உள்ளே பிரதி கிடையாது. யாரோ தங்கள் கட்டுரையில் இந்த நூலைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதனால் இப்படி ஒன்று இருக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரியும், ஆனால் அது இந்த நூலைப் பார்த்ததில்லை. பெயர் மட்டும், உடல் இல்லை.

தமிழ் வாசகருக்கு இது புது அனுபவம் அல்ல. வளையாபதியும் குண்டலகேசியும் நமக்கு எப்படிக் கிடைத்தன? உரைகாரர்களும் தொகைநூல்காரர்களும் எடுத்துவைத்த பாடல்களால்தான். யாப்பருங்கல விருத்தி என்ற உரை இல்லையென்றால் எத்தனையோ நூல்களின் ஒரு துணுக்குகூட நம் கைக்கு வந்திருக்காது. மயிலை சீனி. வேங்கடசாமி மறைந்துபோன தமிழ் நூல்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார் என்றால், அதற்கு ஆதாரம் பெரும்பாலும் பழைய உரைகளில் கிடக்கும் மேற்கோள்கள்தாம். மேற்கோளாக மட்டும் உயிர்வாழ்வது எப்படியிருக்கும் என்று இந்த மொழிக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு தலைகீழ் வேறுபாடு இருக்கிறது. விருத்தியுரைகாரர் பல இடங்களில் பாட்டை முழுதாகத் தருகிறார், யார் பாடியது, எந்த நூல் என்று சொல்வதில்லை. பாட்டு பிழைத்தது, பெயர் போயிற்று. ஸ்காலரோ பெயரையும் ஆண்டையும் எத்தனை பேர் சொன்னார்கள் என்ற எண்ணையும் வைத்துக்கொண்டு, பிரதியை விட்டுவிடுகிறது.

தொல்காப்பியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'என்ப', 'மொழிப', 'என்மனார்' என்று எத்தனை முறை வருகிறது! முன்னோர் சொன்னார்கள் என்கிறார். யார் அந்த முன்னோர்? முகவரி இல்லை. சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் இளம்பூரணரைக் குறிப்பிடும்போது 'உரையாசிரியர்' என்று மட்டும் சொல்வார்கள்; வாசிப்பவருக்கு அது யாரென்று தெரியும் என்பது எடுகோள். மறுக்கவேண்டிய கருத்தை இப்படிச் சொல்வாரும் உண்டு என்ற பாங்கில் வைத்துவிட்டு மறுப்பார்கள். மேற்கோள் என்ற செயல் அங்கே ஓர் உரையாடல் கூட்டத்தை முன்னிட்டு நடக்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் இருப்பவருக்கு அடையாளம் தேவையில்லை. இதை நம் மரபின் பெருமை என்று மார்தட்டச் சொல்லவில்லை. கூட்டத்துக்கு வெளியே நின்றவர்களுக்கு அந்த உரையாடலில் இடம் இருந்ததா என்ற கேள்வி தனியாக நிற்கிறது. சொல்லவருவது ஒன்றுதான்: மேற்கோள் காட்டுவதற்கு உலகத்தில் ஒரே முறை இருந்ததில்லை. பெயர், ஆண்டு, இதழ், பக்கம் என்ற முறை ஒரு குறிப்பிட்ட வரலாற்றில், குறிப்பிட்ட நிறுவனங்களில் கட்டமைக்கப்பட்டது. அதை மட்டுமே மேற்கோள் என்று அறிந்த ஓர் இயந்திரம் இன்று அறிவுக்கு வாயிற்காவலனாக நிற்கிறது.

கைலாசபதியைப் பார்ப்போம். பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக ஆங்கிலத்தில் வந்த அவருடைய வீரநிலைக் கவிதை நூல் ஸ்காலரின் உலகத்தில் ஒரு முழுக் குடிமகன். அதே 1968இல் 'தமிழ் நாவல் இலக்கியம்' வந்தது. அடுத்த ஆண்டு 'ஒப்பியல் இலக்கியம்'. தமிழில் இரண்டு தலைமுறை விமர்சகர்கள் சண்டை போட்டது இந்தத் தமிழ் நூல்களோடுதான். நாவலைச் சமூக வரலாற்றோடு வைத்துப் பார்க்கலாமா, அப்படிப் பார்த்தால் கலை எங்கே போகும் என்ற சண்டை சிற்றிதழ்ப் பக்கங்களில் வருடக்கணக்காக நடந்தது. சண்டை போட்டவர்களில் யாரும் பக்க எண் கொடுத்து அடிக்குறிப்பு இட்டுச் சண்டை போடவில்லை. ஆகவே இயந்திரத்தின் கணக்கில் அந்தச் சண்டை நடக்கவே இல்லை. கைலாசபதி என்ற பெயர் அங்கே சங்க இலக்கியத்தையும் ஹோமரையும் ஒப்பிட்ட ஆங்கில ஆய்வாளரின் பெயராகச் சுருங்கிவிடுகிறது. தினகரனில் ஆசிரியராக இருந்து ஒரு தலைமுறை ஈழ எழுத்தாளர்களுக்குக் களம் அமைத்துக் கொடுத்த ஆசாமியை அங்கே தேடாதீர்கள்.

இன்னொரு உதாரணம், நான் நேரில் பார்த்தது. ஒரு மாணவி பாமாவின் 'கருக்கு' பற்றி ஆய்வு செய்கிறார். தலைப்பை ரோமன் எழுத்தில் இட்டால் பக்கம் பக்கமாக வந்து விழுகிறது. தமிழ் எழுத்தில் இட்டால் வருவது சொற்பம். வந்து விழுந்தவற்றை உட்கார்ந்து புரட்டினோம். பெரும்பாலானவை லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் 2000இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்து எழுதப்பட்டவை. சாட்சியம், அடித்தள மக்களின் குரல், இரட்டை ஒடுக்குமுறை என்ற மூன்று சொல்லாடல்களுக்குள் சுழல்கின்றன. தப்பில்லை; ஆனால் 'கருக்கு' தமிழில் வந்தது 1992இல். ஒரு முழு நூலையும் தெற்கத்திக் கிராமத்துப் பேச்சில் சொல்லிக்கொண்டு போனது அப்போது எழுப்பிய கேள்விகள் வேறு. எழுத்துத் தமிழ் யாருடைய தமிழ்? 'கொச்சை' என்ற சொல்லை யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள்? இது நாவலா, தன்வரலாறா, இரண்டுக்கும் வெளியே நிற்கும் ஒன்றா? இந்த விவாதத்தின் பின்புலத்தில் நிறப்பிரிகை உள்ளிட்ட இதழ்களில் நடந்த தலித் அரசியல், தலித் இலக்கியம் பற்றிய உரையாடல்கள் இருந்தன; ராஜ் கௌதமனின் பண்பாட்டு நூல்கள் இருந்தன. ஆங்கில மொழிபெயர்ப்பை வாசிப்பவருக்கு அந்த மொழிப் பிரச்சினை ஒரு முன்னுரைத் தகவலாகத்தான் போய்ச்சேரும், ஏனென்றால் மொழிபெயர்ப்பில் அந்த வசவும் அந்த இழுவையும் ஏற்கெனவே வழித்து எடுக்கப்பட்டாயிற்று. விதிவிலக்குகள் உண்டு. எம்.எஸ்.எஸ். பாண்டியன் மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்பே, 1998இல் 'செமினார்' இதழில் தமிழ்ப் பிரதியை வைத்து ஆங்கிலத்தில் எழுதினார். இது தனிமரம்.

அந்த மாணவியிடம் 1990களின் இதழ்களைப் பாரும்மா என்றேன். “ஸ்காலர்ல அதெல்லாம் இல்லியே சார்” என்றார். இந்த வாக்கியத்தைக் கவனிக்க வேண்டும். தேடுபொறியில் இல்லை என்பது ஆய்வே இல்லை என்பதாக மாறும் கணம் இது. அவர் சோம்பேறி கிடையாது. முதல் பருவத்திலேயே அவருக்குக் கற்றுக்கொடுத்தது அப்படி.

ஏன் இல்லை என்று கேட்டால் சதி எதுவும் கிடையாது. கூகுள் அலுவலகத்தில் யாரும் உட்கார்ந்து தமிழ்ச் சிற்றிதழ்களை விலக்கவில்லை. அவர்கள் வெளியிட்டிருக்கும் விதிகளைப் படித்தால் போதும். ஒவ்வொரு கட்டுரையும் தனிக் கோப்பாக, தனி முகவரியில் இருக்க வேண்டும். கோப்பு ஐந்து மெகாபைட்டுக்குள் அடங்க வேண்டும். எழுத்து படமாக இல்லாமல் தேடக்கூடியதாக இருக்க வேண்டும். உரிய குறிச்சொற்களைப் பக்கத்தின் உள்ளே பொதிந்துவைக்க முடியாதவர்கள், தலைப்பை முதல் பக்கத்தின் மேலே 24 புள்ளி அளவிலாவது பெரிதாக இட்டு, அதன் கீழே ஆசிரியர் பெயரைச் சற்றுச் சிறிதாகப் போட வேண்டும். இறுதியில் துணைநூல் பகுதி இருக்க வேண்டும். அதற்கு 'ரெஃபரென்சஸ்' அல்லது 'பிப்ளியோகிராஃபி' என்று தலைப்பிட வேண்டும்.

இப்போது நம் இதழ்கள் இணையத்தில் கிடக்கும் கோலத்தைப் பாருங்கள். சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகம், 2005 முதல் இயங்கும் ஈழத்து நூலகம் திட்டம் என்று பெரும் உழைப்பு நடந்திருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த ஒரு சமூகம் ஆவணத்தை எப்படி மதிக்கும் என்பதற்கு நூலகம் திட்டம் சாட்சி. ஆனால் இத்தகைய தளங்களில் ஓர் இதழ் முழுவதும் ஒரே கோப்பு. அட்டையிலிருந்து பின்னட்டை விளம்பரம் வரை. பக்கங்கள் படங்கள். எட்டாம் பக்கத்துக் கவிதையும் பத்தாம் பக்கத்து விமர்சனமும் இயந்திரத்துக்கு ஒரே கட்டி. துணைநூற்பட்டியல் கிடையாது, இருந்தாலும் தலைப்பு தமிழில். விதியின் ஒவ்வொரு வரியிலும் நாம் தோற்கிறோம்.

பல்கலைக்கழக ஆய்வேடுகள் மட்டும் என்ன வாழ்கிறது? 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வேடுகளை மின்வடிவில் தரவேண்டும் என்று விதித்த பிறகு, 'சோத்கங்கா' களஞ்சியத்தில் தமிழ் ஆய்வேடுகள் ஏராளமாகச் சேர்ந்தன. அவற்றில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை நிறைய. 'பாமினி'யில் 'தமிழ்' என்று அடித்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். கோப்புக்குள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ரோமன் எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். இயந்திரம் படிப்பது அதைத்தான். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல். அதற்கு முன்பும், சொல்லப்போனால் பின்பும், ஆயிரக்கணக்கான பக்கங்கள் இந்த அரைப்புள்ளி மொழியில் புதைந்து கிடக்கின்றன.

யூனிகோடில் இருந்தாலும் தொல்லை தீராது. நம் சொல் உருபு ஏற்றால் உருவம் மாறிவிடும். 'சிலப்பதிகாரம்' என்று தேடினால் 'சிலப்பதிகாரத்தில்' அகப்படும் என்று நிச்சயமில்லை. முடிவுகளை மொழிவாரியாக வடிகட்ட ஒரு பட்டியல் தருகிறார்கள். துருக்கியும் போலிஷும் அதில் உண்டு, தமிழ் இல்லை. ரோமன் எழுத்தில் தேடலாமே என்றால் அங்கே எழுத்துப்பெயர்ப்புப் பேய்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி முறையில் எழுதுகிறவர்களுக்குச் சிவத்தம்பி ரோமன் 'சி'யில் தொடங்குகிறார். அவர் தன் பெயரைத் தானே எழுதியது 'எஸ்'ஸில். ஒரே மனிதர் அகரவரிசையில் இரண்டு இடங்களில் உட்கார்ந்திருக்கிறார், மேற்கோள்களும் இரண்டாகப் பிரிகின்றன. போதாததற்கு நம் தலைப்பெழுத்து. தகப்பன் பெயரின் முதல் எழுத்தைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும் மேற்கோள் நடை, மகனுடைய நூலைத் தகப்பன் கணக்கில் எழுதிவைக்கிறது. நண்பர் ஒருவரின் மூன்று கட்டுரைகள் அவருடைய அப்பா பெயரில் ஏறியிருக்கின்றன. அப்பா பஸ் கண்டக்டராக ஓய்வுபெற்றவர்; சந்தோஷமாகத்தான் இருக்கிறாராம்.

இது வெறும் தொழில்நுட்பக் கோளாறு, சரிசெய்துவிடலாம் என்று நினைக்கும் நண்பர்கள் உண்டு. யார் உள்ளே வராமல் போகிறார்கள் என்பதோடு யார் சுலபமாக உள்ளே வருகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2010இல் சிரில் லாபே என்ற பிரெஞ்சுக் கணினி ஆய்வாளர் 'ஐக் அன்ட்கேர்' என்று இல்லாத ஓர் ஆளை உண்டாக்கினார். அர்த்தமில்லாத கட்டுரைகளைத் தானே எழுதித்தள்ளும் ஒரு நிரலை வைத்து நூறுக்கு மேற்பட்ட கட்டுரைகளை உற்பத்தி செய்து, ஒன்றையொன்று மேற்கோள் காட்டவைத்தார். ஸ்காலர் அத்தனையையும் உள்ளே விட்டது. இல்லாத மனிதரின் 'எச்' குறியீடு 94 ஆயிற்று, ஐன்ஸ்டீனுக்கும் மேல். வடிவம் சரியாக இருந்தது, தலைப்பு பெரிதாக இருந்தது, துணைநூற்பட்டியல் இருந்தது. வேறென்ன வேண்டும்?

இங்கே இது வேடிக்கையாக நடக்கவில்லை, வயிற்றுப் பிழைப்பாக நடக்கிறது. 2010இல் மானியக் குழு ஆசிரியர்களின் பதவிக்கும் உயர்வுக்கும் புள்ளிக்கணக்கைக் கொண்டுவந்தது. கட்டுரைக்குப் புள்ளி. உடனே காசு வாங்கிக்கொண்டு வெளியிடும் 'பன்னாட்டு' இதழ்கள் முளைத்தன. அவற்றைக் களைய 'கேர்' பட்டியல் 2018இல் அறிவிக்கப்பட்டு, 2019இல் வந்து, 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இந்தப் போக்கில் உண்டான தமிழ்க் கட்டுரைகளை நான் கொஞ்சம் படித்திருக்கிறேன். பத்துப் பக்கத்தில் 'குறுந்தொகையில் மனித மாண்புகள்'. முன்னுரை, ஆய்வு நோக்கம், நான்கு பாடல்கள், முடிவுரை, துணைநூற்பட்டியல். கேள்வி ஒன்றுகூட இல்லை. ஆனால் இயந்திரம் கேட்கும் உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன. தனிக் கோப்பு, சிறிய கோப்பு, யூனிகோடு. ஆகவே குறுந்தொகை பற்றி ஸ்காலரில் தமிழில் தேடும் ஒரு புது மாணவர் முதலில் சந்திப்பது இவற்றைத்தான். தமிழில் சிந்தனை இவ்வளவுதான் போல என்ற முடிவுக்கு அவர் வந்தால் அவரைக் குறைசொல்ல முடியுமா? ஒரு கல்லூரியின் நேர்முகத் தேர்வில் என்னிடம் என் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று கேட்டார்கள். சிற்றிதழ்களில் எழுதுகிறேன் என்றேன். கேட்டவர் தாளில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு வாரத்தில் தெரிந்தது.

இதற்கு மறுமுனையிலும் ஒரு பாவனை இருக்கிறது, அதையும் விட்டுவைக்கக் கூடாது. 'நாங்கள் நிறுவனத்துக்கு வெளியே நிற்பவர்கள், எங்களை எந்த இயந்திரமும் எண்ண வேண்டாம்' என்று சிற்றிதழ்காரர்கள் பெருமையாகப் பேசுவது. அழகான பேச்சு. ஆனால் அடிக்குறிப்பு போடாததெல்லாம் கலகம் ஆகிவிடாது. 1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்ததற்குப் பிறகான இருபது ஆண்டுகளில், பார்த்தையும் ஃபூக்கோவையும் தெரிதாவையும் தமிழில் கொண்டுவந்தவர்கள் பலர், எந்த நூலிலிருந்து, யாருடைய ஆங்கில அறிமுகத்தின் வழியாகக் கொண்டுவந்தார்கள் என்று சொன்னதில்லை. வாசகன் திரும்பிப்போய்ச் சரிபார்க்க வழியில்லை. 'ஃபூக்கோ சொல்கிறார்' என்றால் ஃபூக்கோ சொன்னார், முடிந்தது. எங்கே, எப்போது என்று கேட்பவன் கல்விப்புலக் குமாஸ்தா. ஆசிரியன் என்பவன் என்ன என்று 1969இல் கேள்வி எழுப்பியவரின் பெயர் இங்கே மந்திரம்போல் புழங்கியது. அவரே இன்று ஸ்காலரில் உலகத்திலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுகிறவர்களில் ஒருவர் என்பதை அவர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். இயந்திரம் பெயரை வழிபடுகிறது என்று குறை சொல்லும் நாமும் பெயரைத்தான் வழிபட்டோம், எண்ணாமல் வழிபட்டோம் என்பது மட்டும்தான் வித்தியாசம். மூலத்தைச் சொல்வது எண்ணிக்கைக்காக அல்ல, வாசகனை நம்மோடு சண்டைபோட அனுமதிப்பதற்காக. இதை நாம் செய்யவில்லை.

அப்படியானால் ஸ்காலரை எப்படிப் பயன்படுத்துவது என்று அந்த மாணவி கேட்டார். நான் சொன்னது இதுதான். ஒரு பெயரைத் தேடும்போது எத்தனை எழுத்துக்கூட்டல் சாத்தியமோ அத்தனையும் போட்டுப் பாருங்கள். 'தொல்காப்பியம்' என்பதற்கு மட்டும் ரோமனில் நாலைந்து வடிவம் உண்டு. ஒரு பழைய நல்ல கட்டுரை கிடைத்தால் அதன் கீழிருக்கும் மேற்கோள் சுட்டி வழியாக முன்னோக்கி வாருங்கள், வந்தவர்கள் அதை உண்மையில் படித்திருக்கிறார்களா என்று ஒவ்வொருவராகச் சோதியுங்கள். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். முக்கியமாக, 'சைட்டேஷன்' முத்திரையோடு உடலில்லாமல் நிற்கும் பதிவுகளைத் தாண்டிப் போகாதீர்கள். அவற்றைத் தனியாகக் குறித்துவைத்துக்கொண்டு ரயிலேறுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் நூலகப் பட்டியல். இயந்திரத்துக்கு எட்டாத இடம் எது என்று இயந்திரமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டு அது. அவர் அப்படி ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டு சென்னைக்குப் போய்வந்தார். முப்பத்தொன்றில் பத்தொன்பது கிடைத்தனவாம்.

கூகுளை நம்பி இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. எந்தெந்த மூலங்களை உள்ளடக்கியிருக்கிறோம் என்ற முழுப் பட்டியலை அது வெளியிட்டதில்லை. அதற்குப் போட்டியாக இருந்த மைக்ரோசாஃப்டின் கல்விசார் தேடுபொறியை 2021 டிசம்பர் கடைசியோடு மூடிவிட்டார்கள். அதன் இடத்தை நிரப்ப 'ஓப்பன் அலெக்ஸ்' என்ற திறந்த அடைவு 2022 ஜனவரியில் வந்தது. ஒரு கம்பெனி நினைத்தால் ஒரு துறையின் நினைவு அணைந்துவிடும். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் கம்பெனி எதுவும் இல்லாமல், ஆங்காங்கே இருந்த ஆட்கள் தட்டச்சு செய்து தட்டச்சு செய்து நடந்தது என்பதையும் சேர்த்து நினைக்கலாம். சிற்றிதழ்களுக்கு நாம் செய்ய வேண்டியது அதைவிடச் சிறிய வேலை. பிரதியை முழுவதும் அடிக்க வேண்டியதில்லை. உள்ளடக்கப் பக்கங்களைக் கட்டுரைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, பெயர், இதழ், மாதம், பக்கம், எந்த நூலை அல்லது எந்தக் கட்டுரையை மறுத்து எழுதப்பட்டது என்ற ஒரு வரி, தமிழிலும் ரோமனிலும். கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரிதான் முக்கியம். அடிக்குறிப்பு இல்லாமல் நடந்த சண்டைகளுக்கு நாம் பின்னாலிருந்து இடும் அடிக்குறிப்பு அது.

நானும் இரண்டு நண்பர்களும் சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழ்களில் தொடங்கியிருக்கிறோம். 1959 முதல் 1970 வரை. நினைத்ததைவிட மெதுவாக நடக்கிறது. மறுப்பு யாருக்கு என்பதைக் கண்டுபிடிக்க முந்தைய மூன்று இதழ்களைப் படிக்க வேண்டியிருக்கிறது. படித்தால் அதிலேயே மூழ்கிவிடுகிறோம். இப்போது சிக்கிக்கொண்டு நிற்பது பிரமிளிடம். அந்த இதழில் அவர் தருமு சிவராமூ. பிறகு பிரமிள், பானுசந்திரன், அரூப் சிவராம், எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றி இன்னும் சில. ஸ்காலரின் ஆசிரியர் பக்கம் ஒரு பெயரில் தொடங்கி ஒரே பெயரில் முடிகிறது. எல்லாவற்றையும் பிரமிள் என்று சேர்த்துவிடலாம், தேடுபவருக்குச் சுலபம் என்கிறார் ஒரு நண்பர். மனிதர் அத்தனை முறை பெயரை மாற்றிக்கொண்டது நாம் ஒன்றாக்குவதற்கா என்கிறார் மற்றவர். அந்தக் கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விட்டுவிட்டு அடுத்த இதழுக்குப் போயிருக்கிறோம்.